முள்நாறியும் முள்ளுத்தேங்காயும்

கோலாலம்பூரில் உள்ள பெர்டானா தாவரவியல் பூங்காவில் மரங்களின் அடியில் சிறு பெயர்ப்பலகைகள் நடப்பட்டிருக்கின்றன. 1888ஆம் ஆண்டு ஏரிப் பூங்காவாகத் தொடங்கப்பெற்ற அவ்விடத்திற்குக் காலை நடைக்கு வருவோர் பலர். பலகைகளை நின்று படிப்போர் சிலர். படிப்போருள்ளும் சாய்வெழுத்தில் உள்ள இலத்தீன் பெயரை உற்று நோக்குவோர் மிகச் சிலர். மலாய்ப் பெயரைப் பார்ப்பர். தெரிந்த மரமாயின் தலையசைப்பர். இலத்தீன் பெயரை மருத்துவர் கிறுக்கிய மருந்துச் சீட்டைப் போல் எண்ணிக் கடந்து செல்வர். தமிழாசிரியர்களாகிய நம்மிடத்தும் இவ்வழக்கம் உண்டு. அறிவியலாசிரியர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் ஒதுக்கிவைத்த பொருள்களுள் இதுவும் ஒன்று.

எனக்கு அப்பலகைகள் கல்வெட்டுகளாகத் தோன்றுகின்றன. ஒருவர் ஒரு செடியைக் காட்டி, 'இதன் பெயர் என்ன?' என்று கேட்டார். இன்னொருவர் விடை சொன்னார். கேட்டவர் ஐரோப்பியர், சொன்னவர் மலையாளியோ, தமிழரோ, மலாய்க்காரரோ, அமேசான் காட்டுக் குடியினரோ ஆவர். அந்த உரையாடலின் எச்சம் அந்த இரண்டு சொற்களில் உறைந்து கிடக்கிறது. சிலவிடத்து விடையே பெயராயிற்று. சிலவிடத்துக் கேட்டவர் தம் நண்பரின் பெயரைச் செடிக்குச் சூட்டிவிட்டுச் சென்றார். எது எவ்வாறு நிகழ்ந்தது என்று படித்தறிவது மொழியாசிரியருக்கு உரிய வேலையே என்பது என் துணிபு.

பெயரின் அமைப்பு எளியது. சீன நண்பர்களின் பெயரில் குலப்பெயர் முன்னும் தனிப்பெயர் பின்னும் வருவது போல, இலத்தீன் பெயரிலும் பேரினப் பெயர் முன்னும் சிற்றினத்தைக் காட்டும் அடைமொழி பின்னும் வரும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலே இம்முறைக்கு அடிப்படை. அதற்கு முன்னர் ஒரு செடியைக் குறிக்க ஒரு வரி நீளத்திற்கு இலத்தீன் வருணனை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதனைச் சுருக்கி இரண்டு சொற்களாக்கியது அவர் செய்த பெரும்பணி. சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதில் மட்டும் அவருக்கு ஒரே கொள்கை இருந்ததில்லை. கிரேக்கம், அரபு, நண்பர் பெயர், ஊர்ப்பெயர் எனக் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்தார். அவற்றோடு நம் பக்கத்துச் சொற்களையும் எடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடைகளில் மாலைகளுக்கு அருகே ஈரத்துணி போர்த்த வெற்றிலைக் கட்டுகளைக் காணலாம். தாம்பூலத் தட்டில் வைக்கும் அவ்விரு பொருள்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். வெற்றிலையின் இலத்தீன் பெயர் பைப்பர் பீட்டில். முதற்சொல் திப்பிலியைக் குறிக்கும் பிப்பலி என்னும் வடசொல்லிலிருந்து கிரேக்கத்தின் வழியே உரோமாபுரிக்குச் சென்றது. இரண்டாவது சொல் வெற்றிலையேதான். மலையாளக் கரையில் அச்சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் வகரத்தைப் பகரமாக்கி 'பெத்லெ' என்று எழுதினர். லின்னேயஸ் அதனை அப்படியே ஏற்றார். அதில் றகர இரட்டையைக் காணோமே, டகர ஒலியன்றோ இருக்கிறது என்று மாணவர் கேட்கக்கூடும். மலையாளத்தார் இன்றும் 'ற்ற' என்பதை நுனிநா அண்பல்லை ஒற்ற, ஏறத்தாழ ஆங்கிலத்து 'டீ' எழுத்தின் ஒலியோடு கூறுவர். யாழ்ப்பாணத் தமிழரும் அவ்வாறே கூறுவர். இரயில்வேப் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் வந்து பிரிக்பீல்ட்சில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் வெற்றிலை, காற்று, நேற்று என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். நாம் வகுப்பறையில் 'வெற்-றிலை' என்று பிரித்துப் படிக்கும்போது அந்தப் பழைய ஒலி நழுவிவிடுகிறது. போர்த்துக்கீசியர் எழுதிய எழுத்திலும், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு வரும் மூதாட்டியின் நாவிலும் அது இன்னும் இருக்கிறது.

பாக்கின் பேரினப் பெயர் அரேக்கா. இதன் மூலம் மலையாளத்து அடைக்கா, தமிழில் அடைக்காய். அடை என்பது இலை. இலையோடு சேரும் காய் என்று பொருள் கூறுவர். அடைக்காய் என்ற சொல்லை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பாக்கு என்ற சொல் நிலைத்து அடைக்காய் வழக்கொழிந்துகொண்டிருக்கும்போது, உலகெங்கும் உள்ள தாவரவியல் நூல்களில் அது நாள்தோறும் அச்சேறிக்கொண்டிருக்கிறது.

மாமரம் மாங்கிஃபெரா, மாங்காயைத் தாங்குவது என்று பொருள். முன்பாதி நம்முடையது, பின்பாதி இலத்தீன். ஏலக்காய்ச் செடி எலெட்டாரியா. மலையாளத்து ஏலத்தரி, நம் ஏலரிசி. புங்கமரம் பொங்காமியா. முருங்கை மொரிங்கா ஒலிஃபெரா. பின்னது எண்ணெய் தருவது என்னும் பொருளுடையது. கிள்ளான் வட்டாரத்தில் தமிழர் வாழும் தரைவீடுகளின் வேலியோரத்தில் நிற்கும் முருங்கையை மலாய்க்காரர் மெருங்காய் என்றும் வழங்குவதுண்டு. மாம்பழத்தை மெம்பெலாம் என்பதும் அவர்கள் வழக்கே. ஆக, நம் சொல் கீழ்த்திசைக்குக் கப்பலேறியது போலவே மேல்திசைக்கும் கப்பலேறியிருக்கிறது. கீழ்த்திசைப் பயணத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம். மேல்திசைப் பயணத்தை அறியாதிருக்கிறோம்.

இச்சொற்கள் பல ஐரோப்பிய நூல்களில் ஏறிய வரலாறு சொல்லத்தக்கது. கொச்சியில் ஒல்லாந்தர் ஆட்சிக்குத் தலைவராக இருந்த வான் ரீட் என்பவர் மலபாரின் மரஞ்செடிகொடிகளைப் படத்தோடு விளக்கும் பெருநூல் ஒன்றைத் தொகுப்பித்தார். 'மலபார்த் தோட்டம்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரோடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட தாவரங்கள் அதில் உள்ளன. அவற்றின் பெயரையும் மருத்துவப் பயனையும் எடுத்துச் சொன்னவருள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். தம் குடும்பத்து ஏட்டுச்சுவடியையும் தம் அனுபவத்தையும் கொண்டு அவர் சொல்லச் சொல்ல, ஒருவர் அதனைப் போர்த்துக்கீசிய மொழியிற் பெயர்த்தார். பின்னர் அது இலத்தீனுக்குச் சென்றது. 1675இல் அவர் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சான்றுரை முதல் தொகுதியிலேயே அச்சிடப்பெற்றிருக்கிறது. கொங்கணி அந்தணர் மூவரான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரின் சான்றுரையும் உண்டு. சாதிப் படியில் தாழ்த்திவைக்கப்பட்டிருந்த ஒரு வைத்தியரின் சொல், அந்தணரின் சொல்லோடு ஒரே நூலில், ஒரே மதிப்போடு, பதினேழாம் நூற்றாண்டில் அச்சேறியது என்பதை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் புளூம் என்னும் தாவரவியலார் சாவகத்துச் சிறுசெடி ஒன்றின் பேரினத்திற்கு அச்சுதேமியா என்று அவர் பெயரையே சூட்டினார். லின்னேயஸ் நம் நாட்டுச் செடிகள் பலவற்றைக் கண்ணால் கண்டவரல்லர். வான் ரீட்டின் படங்களை நம்பியே எழுதினார். எனவே, அவர் நம்பியது அச்சுதனின் நாவையுமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேடையில் இச்செய்திகளைச் சொல்லும்போது நமக்கு ஒரு வேகம் பிறந்துவிடுகிறது. மாவும் பாக்கும் நம்முடையவை என்றதும், நெல்லின் பெயராகிய ஒரைசா அரிசியே என்றும், இஞ்சியின் பெயராகிய ஜிஞ்சிபெர் இஞ்சிவேரே என்றும் கைதட்டலுக்கிடையே முழங்கிவிடுகிறோம். இஞ்சியைப் பொறுத்தவரை வழக்கில் வலு உண்டு. கிரேக்கச் சொல்லுக்கு முன்னதாகப் பாலி மொழியில் சிங்கிவேர என்ற வடிவம் இருக்கிறது; அதன் இறுதியில் நம் 'வேர்' இருப்பதாகக் கருதும் மொழியறிஞர் பலர். ஒரைசாவின் நிலை வேறு. அது அரிசியினின்று வந்தது என்பாரும் உளர். வடமொழி வ்ரீஹிக்கு உறவான பழம்பாரசீகச் சொல்லினின்று வந்தது என்பாரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாத வழக்கை முடிந்ததாக மாணவரிடம் கூறினால், வேறொரு நாள் வேறொருவர் அதனை மறுக்கும்போது அவன் வெற்றிலையையும் சேர்த்து ஐயுறுவான். மேலும், மேற்கண்ட சொற்களிற் பல மலையாளக் கரையில் கேட்கப்பட்டவை. அவற்றைத் தமிழ் என்று மட்டும் சொல்லி, அச்சுதனின் மொழியை மறைப்பது நேர்மையாகாது. பங்காளி வீட்டுச் சொத்தில் நமக்கும் உரிமை உண்டு என்று சொல்லலாம். பங்காளியே இல்லை என்று சொல்லலாமா?

தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் ஒரு கதை நிகழ்ந்தது. தரங்கம்பாடி டேனிய சமயப்பணி மன்றத்திற்கு 1768இல் மருத்துவராக வந்தவர் கோனிக், லின்னேயசின் மாணவர். அவர் பெயரைத்தான் நாம் நாள்தோறும் தாளிக்கிறோம். கறிவேப்பிலையின் இலத்தீன் பெயர் முர்ராயா கோனிகியை. முர்ரே என்பவர் லின்னேயசின் மற்றொரு மாணவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அவரைப் பேரினத்திலும் கோனிக்கைச் சிற்றினத்திலும் வைத்துவிட்டார்கள். அண்மைக் காலத்தார் இச்செடியை முர்ரே குடும்பத்தினின்று பிரித்து, பெர்கெரா என்ற பழைய பேரினத்திலேயே மீண்டும் சேர்க்கின்றனர். குலப்பெயர் மாறினும் கோனிக் நீங்கவில்லை. அவர் 1778ஆம் ஆண்டுக்குப்பின் சயாமுக்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் பயணம் வந்து செடிகளைத் திரட்டியவர் என்பது நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. கறிவேப்பிலையைத் தமிழகத்திலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் யாரென்று எந்த நூலிலும் இராது. ஏதோ ஒரு தாய் தன் தகரப் பெட்டியில் விதையைப் பொதிந்து வந்திருப்பாள். அச்செடியில் அவள் பெயர் இல்லை. கோனிக்கின் பெயர் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

அதே தரங்கம்பாடிக்கு 1776இல் வந்த ராட்லர் என்னும் பாதிரியாரை நம்மவர் நன்கறிவர். 1834ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதி அவருடையது. அவரும் செடி திரட்டியவரே. கபிலப்பொடி தரும் மரத்திற்கு ராக்ஸ்பரோ என்பவர் ராட்லெரா என்று பெயரிட்டார். அப்பேரினப் பெயர் இன்று வழக்கில் இல்லை, அகராதி இருக்கிறது. சொல்லையும் செடியையும் ஒருவரே சேர்த்துத் திரட்டிய காலம் அது. இன்று நாம் தமிழ்த்துறை, அறிவியல்துறை என்று சுவர் எழுப்பிக்கொண்டோம்.

முர்ரேயின் பெயரைச் சொன்னதும் இந்நாட்டுப் பழம் ஒன்று நினைவுக்கு வருகிறது. துரியானின் இலத்தீன் பெயர் துரியோ சிபெத்தினஸ். இப்பெயருக்கு உரிய ஆசிரியராக நூல்கள் நெடுங்காலம் குறித்துவந்தது இதே முர்ரேயைத்தான். துரியோ என்பது மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. துரி என்றால் முள். சிபெத்தினஸ் என்பது புனுகுப்பூனையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. புனுகின் மணத்தை நினைத்து இட்ட பெயர் என்பர். முள்ளும் மணமும் சேர்ந்தது அப்பெயர். இதனைத் தெரிந்துகொண்ட பின்னர், துரியானுக்குத் தமிழில் முள்நாறி என்று ஒரு பெயர் உண்டே, அதனை எண்ணிப் பாருங்கள்! அதுவும் முள், அதுவும் மணம். அப்பெயரை ஆக்கிய தமிழர் இலத்தீன் அறிந்தவராக இருந்திருக்க வேண்டியதில்லை. பழத்தைக் கையில் எடுத்தவருக்கு முதலில் முள் தெரியும். பிளந்தவருக்கு மணம் தெரியும். 'நாறுதல்' என்பதை இன்று நாம் தீநாற்றத்திற்கு ஒதுக்கிவிட்டபடியால், அப்பெயர் வசைபோல் ஒலிக்கிறது. பழந்தமிழில் அது நறுமணத்திற்கும் உரிய சொல். துரியானை வெறுப்பவரும் விரும்புபவரும் ஒரே பெயரைத் தத்தம் பொருளில் வழங்கிக்கொள்ளலாம் என்பது அச்சொல்லின் தனிச்சிறப்பு. இலத்தீனுக்கும் அந்த நடுநிலை வாய்த்திருக்கிறது. புனுகு மணமா நாற்றமா என்பது முகர்பவரைப் பொறுத்தது.

பெயர்கள் எல்லாம் உண்மை சொல்லும் என்று எண்ணிவிட வேண்டா. புளிய மரத்தின் பெயர் டமரிண்டஸ் இண்டிகா. முதற்சொல் அரபு மொழியின் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. இரண்டாவது சொல் இலத்தீனில் 'இந்தியாவினது'. இருமுறை இந்தியா என்று கூறியும், மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா. 1960ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் தேசிய மலராக விளங்கும் செம்பருத்தி, இலத்தீனில் சீனத்து ரோசா ஆகிறது. ஒதிய மரம் லன்னியா கோரமாண்டெலிகா. கோரமண்டலம் என்பது சோழமண்டலத்தின் திரிபு என்பதை நாம் அறிவோம். ஒதி பெருத்தாலும் உத்திரத்திற்கு ஆகாது என்று நம் பழமொழி எள்ளி ஒதுக்கிய மரத்தின் தலையில் சோழனின் முடி ஏறிவிட்டது! முசுமுசுக்கைக் கொடியின் பெயரில் மதராசப்பட்டினம் இருக்கிறது. நகரத்தின் பெயர் 1996இல் அரசு முறையில் சென்னை ஆயிற்று. கொடி இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கிறது.

இனி நாம் பாடஞ்சொல்லும் சங்க இலக்கியத்திற்கு வருவோம். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் சாலை நடுவே வேலியாக வெட்டிவிடப்பட்ட சிவந்த கொத்துப்பூச் செடியை யாவரும் கண்டிருப்பர். தமிழகத்துச் சிறுவர் இட்லிப்பூ என்பர். தாவரவியலில் இக்சோரா காக்சினியா. பின்னது செந்நிறத்தைக் குறிக்கும். இக்சோரா என்பது ஈசுவரன் என்ற பெயரின் போர்த்துக்கீசிய எழுத்துருவத்திலிருந்து வந்தது; அவர்கள் மொழியில் அந்த எழுத்துக்குச் சகர ஒலி. கோயிலில் இறைவனுக்குச் சாத்தக் கண்டு அப்பெயர் வைத்தனர். இச்செடிதான் வெட்சி. புறத்திணைகளுள் முதலாவதற்குப் பெயர் தந்த பூ. ஆநிரை கவரச் சென்ற மறவர் சூடிய பூ. பள்ளி வாயிலில் அது பூத்துக் கிடக்க, 'வெட்சி என்பது ஒருவகை மலர்' என்று உரை எழுதி மனப்பாடம் செய்விக்கும் நிலையில் பலர் இருக்கிறோம். இலத்தீன் பெயர் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தால் மாணவரை வாயில்வரை அழைத்துச் சென்றே அத்திணையைக் கற்பித்திருக்கலாம்.

தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறன் என்றார். குறிஞ்சியை எங்கே காட்டுவது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலகிரியிலும் மூணாற்றிலும் பூப்பதை இந்நாட்டு மாணவர் படத்தில் பார்ப்பதே பெரிது. ஆயினும் பேரினப் பெயர் இவ்விடத்தில் கைகொடுக்கிறது. நீலக்குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தைச் சார்ந்தது. கூம்புப்பூ என்பது அதன் பொருள். அப்பேரினத்தைச் சார்ந்த மற்றொரு செடி நம் வீட்டுக் கொல்லைகளில் வளர்கிறது. சிறுநீரகக் கல்லுக்கு நல்லதென்று நம்பி இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களே, மலாய்க்காரர் 'பெச்சா காச்சா' என்று அழைக்கும் செடி, அது ஸ்ட்ரோபிலாந்தஸ் கிரிஸ்பா. கபிலர் பாடிய மலைப்பூவின் ஒன்றுவிட்ட தங்கை கிள்ளானில் சாக்கடை ஓரத்துப் பூந்தொட்டியில் நிற்கிறாள் என்றால் நம்புவது அரிது. தமிழ்ப்பெயரும் மலாய்ப்பெயரும் இந்த உறவைச் சொல்லா. ஒன்று பூத்த நிலத்தைச் சொல்கிறது, மற்றொன்று மருந்துப் பயனைச் சொல்கிறது. இலத்தீன் பெயர் செய்யும் தனித்தொண்டு இதுவே. அது செடியின் சுற்றத்தைச் சொல்கிறது.

அதற்காக மற்றப் பெயர்கள் குறைந்தவை ஆகா. பள்ளித் திடலில் படர்ந்து கிடக்கும் தொட்டாற்சுருங்கியைப் பாருங்கள். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த செடி. இலத்தீனில் மிமோசா புடிகா. பின்னது நாணமுடையாள் எனப் பொருள்படும். மலாயில் செமாலு, அதிலும் மாலு என்னும் நாணம் இருக்கிறது. தமிழ், நாணத்தைப் பற்றிப் பேசவில்லை. தொட்டால் சுருங்கும் என்று கண்டதை மட்டும் சொல்லிற்று. தொட்டாற்சிணுங்கி என்பாரோ அதனைக் குழந்தையாக்கிவிட்டனர். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இதனைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, 'ஐயா, அதுக்கு வெட்கமா, பயமா?' என்று கேட்டாள். மூன்று மொழிகளுக்கும் சேர்த்துக் கேட்ட கேள்வி அது. நான் விடை கூறாமல் அவர்களைத் திடலுக்கு அனுப்பினேன்.

இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றோடு பிணைந்த மரங்கள் இரண்டு, இரண்டும் அயல்நாட்டவை. இரப்பரின் பேரினப் பெயராகிய ஹெவியா, தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்மரத்திற்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆப்லே 1775இல் அதனை நூலில் ஏற்றினார். 1877இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த இருபத்திரண்டு கன்றுகளோடு அச்சொல்லும் வந்தது. நம்மவர் அதனைப் பால்மரம் என்றனர். அதில் காண்பதற்குப் பால் தவிர வேறென்ன இருந்தது? விடியற்காலையில் வெட்டி, மங்கில் ஒழுகவிட்டு, வெயில் ஏறுமுன் எடுத்து, நிறுத்துக் கூலி வாங்கியவர்களுக்கு அம்மரம் அளித்தது அதுவே.

செம்பனையின் கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் எலீயிஸ் கினியென்சிஸ். முதற்சொல் கிரேக்கத்தில் ஒலிவ மரத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. இரண்டாவது கினி நாட்டைக் குறிக்கும். எண்ணெய் தரும் பழம் என்றதும் ஐரோப்பியருக்கு ஒலிவம் நினைவுக்கு வந்தது. 1917இல் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோகோனியே என்பவர் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் வாணிக முறையில் இம்மரத்தை முதன்முதலாகப் பயிரிட்டார். மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொங்கூர் பரிசு பெற்றவரும் அவரே. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் இன்றும் அப்படியே எழுதப்படுகிறது. நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய ஒரு பயிரின் முதல் முகவரி கலப்பற்ற தமிழ்ச்சொல்லாக இருப்பதை நம் வரலாற்றுப் பாடங்களில் காண்பதரிது.

அங்கும் பிற தோட்டங்களிலும் வேலை செய்த தமிழர், அப்புதுமரத்தின் பழத்தை முள்ளுத்தேங்காய் என்றனர். குலையில் கைவைத்தால் முள் குத்தும். பிளந்தால் ஓட்டுக்குள் வெள்ளைப் பருப்பு. ஒலிவத்தை அறிந்தவர் ஒலிவம் என்றனர். தேங்காயை அறிந்தவர் தேங்காய் என்றனர். பின்னர் ஏட்டுத் தமிழர் பனையை நினைத்துச் செம்பனை என்றனர். மூவரும் செய்தது ஒரே செயல்தான். தெரியாததற்குத் தெரிந்ததன் பெயரைக் கொடுத்தனர். ஆனால் லின்னேயசின் வழிவந்தவர்களின் பெயர் நூலில் ஏறியது. செம்பனை பாடநூலில் ஏறியது. முள்ளுத்தேங்காய் அச்சொல்லைப் புழங்கிய தலைமுறையோடு மறைந்துகொண்டிருக்கிறது. குலை சுமந்தவர்களுக்கு ஒரு வான் ரீட் வாய்க்கவில்லை. முள்நாறியைப் போலவே அதுவும் முள்ளில் தொடங்கும் பெயர். இந்நாட்டு முள் கையில் குத்தியதால் பிறந்த பெயர்.

பணி ஓய்வுக்குப்பின் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபின் கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத்து அடுக்குமாடிகளில் குடியேறிய மூதாட்டியரைத் தேடிச் சென்று, அவர்கள் அறிந்த செடிகளின் பெயர்களை எழுதிவருகிறேன். ஒரு பத்தியில் அவர்கள் சொல்லும் பெயர், அடுத்ததில் மலாய்ப் பெயர், மூன்றாவதில் இலத்தீன் பெயர். முதற்பத்தி விரைவாக நிரம்புகிறது. மூன்றாவது பத்திக்குச் செடியையே காணவேண்டியிருக்கிறது. தமிழகத்துப் பெயர்கள் கடல்கடந்து வந்தபோது வேறு செடிகளின்மேல் அமர்ந்துகொண்டமையே அதற்குக் காரணம். காப்பாரில் ஒரு பாட்டி, பால்வெட்டும் உளி கையில் பட்டால் கசக்கிப் பிழியும் ஒரு பச்சிலையைப் பற்றிச் சொன்னார். அதன் பெயர் வெட்டுக்காயப் பூண்டாம். தமிழகத்தில் அப்பெயருக்கு உரியது டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் என்னும் தரையோடு கிடக்கும் சிறுபூண்டு. பாட்டி சொன்னதோ மரத்தின்மேல் ஏறிப் படரும் கொடி. அவர் மாமியார் காட்டிக்கொடுத்த செடி. பழைய நிரையின் ஓரத்தில், இப்போது சாலையாகிவிட்ட இடத்துக்கு அப்பால், இன்னும் இருக்கிறதாம். இலையைப் பறித்துத் தரமுடியுமா என்று கேட்டேன்.

'இலையை வெச்சு என்ன செய்வீங்க வாத்தியாரே? அதே மாதிரி இலை அங்கே நாலு கொடிக்கு இருக்கு. மழை விட்டு பூக்கட்டும். பூத்தாத்தான் எது எதுன்னு சொல்ல முடியும்.'

தாவரவியலாரும் அதையேதான் கேட்பார்கள். அந்த வரிக்கு நேரே மூன்றாவது பத்தி வெறுமையாக இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் காப்பாருக்குப் போகவேண்டும்.